கொடியேற்றம் பத்து நிமிடம், பென்ஷன் தாள் நான்கு மாதம்: வேலூர் சேவைச் சங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஒரு சேவைச் சங்கத்துக்கு ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். இப்போது வெறும் உறுப்பினர், அதனால் கொஞ்சம் தாராளமாகப் பேசலாம். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் காட்பாடி ரயில் மேடையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன்.

சேவைச் சங்கம்னா என்ன சார்? கட்சியா, சாதிச் சங்கமா?

இரண்டும் இல்லை. எங்கள் உறுப்பினர்களில் மருந்துக்கடைக்காரர் உண்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை உண்டு, ஒரு வக்கீல், சத்துவாச்சாரியில் டூவீலர் பட்டறை வைத்திருப்பவர், ராணுவத்திலிருந்து திரும்பிய இரண்டு பேர், துணிக்கடை முதலாளி ஒருவர், அதே கடையில் முன்பு கணக்கெழுதியவர் ஒருவர். மாதத்துக்கு இரண்டு கூட்டம். கூட்டத்தில் கட்சி அரசியல் பேசக் கூடாது என்பது விதி. கூட்டம் முடிந்து டீ வரும்போது அந்த விதி காலாவதியாகிவிடும்.

லயன்ஸ், ரோட்டரி, ஜேசீஸ்னு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

வேர் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்று. ரோட்டரி 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது. லயன்ஸ் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் வந்தது. ஜேசீஸ் 1915இல், இளைஞர்களுக்கென்றே. லயன்ஸ் என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துக்கும் அவர்கள் வைத்த விரிவில் ‘சுதந்திரம், அறிவு, நம் நாட்டின் பாதுகாப்பு’ என்று வரும். நாட்டுப்பற்று பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கண் சேவையில் இறங்கியதற்குக் காரணம் ஹெலன் கெல்லர். 1925இல் ஒஹையோ மாநாட்டில் அவர் வந்து கேட்டுக்கொண்டார். ரோட்டரி 1985இல் போலியோவைக் கையில் எடுத்தது.

போலியோ என்றதும் வேலூர்க்காரன் ஒரு வரி சேர்க்காமல் போக மாட்டான். ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் பல்ஸ் முறையை எங்கள் ஊர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் இங்கே செய்து பார்த்து, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். நாடு முழுக்க அது வந்தது 1995இல். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில், ஹௌராவில்.

எதில் சேரலாம் என்று கேட்டால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சங்கம் கூடுகிறதோ அதில். தூரம் அதிகமானால் மூன்றாவது மாதம் போக மாட்டீர்கள்.

நாட்டுப்பற்றுக்குன்னு என்ன செய்றீங்க? கொடியேத்தி மிட்டாய் கொடுக்கிறதா?

கொடியேற்றுகிறோம், மிட்டாயும் கொடுக்கிறோம். அது பத்து நிமிட வேலை. எங்களுக்கு அதிக நேரம் பிடிப்பது வேறு.

இந்தப் பக்கத்தில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் பட்டாளத்தில் இருந்திருப்பார், அல்லது இருப்பார். சுவரில் சீருடைப் போட்டோ தொங்கும். பீரோவில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது பணியிலிருந்து விடுவிக்கும்போது ராணுவம் கொடுத்தது, இருக்கும். சிக்கல் அந்தப் புத்தகத்தில்தான்.

ஓர் உதாரணம். ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர் இறந்துவிட்டார். மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும், வரவில்லை. ராணுவப் பதிவில் அந்த அம்மாவின் பெயர் ஒரு மாதிரி. ஆதாரில் அதே பெயர், கடைசியில் ஒரு ‘ள்’ கூடுதல். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல். பிறந்த தேதியும் இரண்டு விதம். கணவர் இருந்த காலத்தில் யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கத் தேவையும் வரவில்லை. இப்போது பிரமாணப் பத்திரம், பெயர் ஒன்றே என்ற சான்று, ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதிவு. அதற்கு ஓ.டி.பி. வரும் கைபேசி பேரனிடம், பேரன் பெங்களூரில். நான்கு மாதம் ஆயிற்று. முடித்து வைத்தவர்கள் எங்கள் சங்கத்து முன்னாள் சுபேதாரும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணும். அவருக்கு எந்த ஆபீசில் என்ன கேட்பார்கள் என்று தெரியும், தட்டச்சு தெரியாது. அந்தப் பெண்ணுக்கு நேர்மாறு. முதல் மாதப் பணம் வந்தபோது அந்த அம்மா ஒரு பை நிறைய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “வேணாம்னு சொல்லாதீங்க தம்பி, எங்க நிலத்துல காய்ச்சது” என்றார்.

நாட்டுப்பற்று, ஊர்த் தேவை, இளைஞர் என்று மூன்று குழுக்கள் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து படிவம் வரும். நிரப்பி அனுப்புவோம். ஆனால் இந்த ஒரு வேலை எந்தக் குழுவுக்குச் சேரும் என்று என்னால் அன்றைக்கும் எழுத முடியவில்லை. மூன்று கட்டத்திலும் டிக் அடித்தேன்.

டிசம்பர் 7 கொடிநாள் வசூலும் உண்டு. 1949இலிருந்து நடப்பது. அதில் நாங்கள் உண்டியல் தூக்குகிறோம், அவ்வளவுதான்.

ஜூலை 10க்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

ஆர்ப்பாட்டம் இல்லை, ஒரு நடை. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முன்பு. மக்கான் சிக்னலில் நினைவுத் தூண் இருக்கிறது, அன்று காலை அங்கே மலர்வளையம் வைப்பார்கள். 200ஆம் ஆண்டில், 2006இல், தபால்தலையும் வந்தது. நாங்கள் தூணோடு நிறுத்தாமல், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள் போகிறோம். தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கதையை நடந்தபடியே சொல்கிறோம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் புதிய உடை விதி வந்தது. அணிவகுப்பில் நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தலையில் தோல் பட்டை வைத்த புதுவகைத் தலைப்பாகை. எதிர்த்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். சில வாரங்களில் கோட்டை வெடித்தது. திப்புவின் கொடி ஏறியது. திப்புவின் பிள்ளைகள் அப்போது கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். அன்று பகலுக்குள் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு உடை விதி வாபஸ் ஆனது, கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள், திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அகழிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: “சார், அவங்க நாட்டுக்காகச் சண்டை போட்டாங்களா, தாடிக்காகவா?” கூட வந்த ஆசிரியர் அதட்டப் பார்த்தார். நான் தடுத்தேன். இருநூறு வருடமாகப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. பிள்ளைகளே அரை மணி நேரம் வாதாடினார்கள். வெயில் ஏறியதால் கலைந்தோம், முடிவு கிடைத்ததால் இல்லை. கோட்டையிலிருந்து ஆற்காட்டுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்று சொல்ல ஒரு பையன் ஒவ்வொரு வருடமும் எப்படியோ வந்துவிடுகிறான்.

எங்க தெருவுல கொடியேத்தணும். என்ன விதி?

கொடி விதித் தொகுப்பு 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி குடிமக்கள் யாரும் ஏற்றலாம். அளவு எதுவானாலும் நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. காவி மேலே. தரையில் படக் கூடாது, கிழிந்ததை ஏற்றக் கூடாது, அதன்மேல் எதையும் எழுதக் கூடாது. 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி உண்டு. 2022 ஜூலையிலிருந்து பொதுமக்கள் இரவிலும் இறக்காமல் வைக்கலாம். ஆகஸ்ட் 15இல் கீழிருந்து மேலே ஏற்றுவோம், ஜனவரி 26இல் மேலேயே கட்டியிருப்பதை விரிப்போம். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதில் குழம்புவார், கயிறு சிக்கும், தலைவர் மேலே பார்த்துக்கொண்டே நிற்பார். முந்தின நாள் மாலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

என் சொந்த விருப்பம் கைத்தறிக் கொடி. நெசவு ஊரான குடியாத்தத்தில் போய்க் கேளுங்கள், டெல்லி செங்கோட்டையில் முதலில் பறந்தது எங்கள் ஊர்க் கொடி என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கொடி வாங்கினால் மனசு கேட்காது. பிளாஸ்டிக் கொடி விதிப்படியும் தவறு. ஆகஸ்ட் 16 காலையில் எங்கள் மாணவர்கள் சாக்குப்பையோடு போய்ச் சாலையில் கிடக்கும் சட்டைக் கொடிகளைப் பொறுக்குகிறார்கள். பழுதான கொடியைத் தனியிடத்தில் மரியாதையாக எரிப்பதுதான் முறை.

வேலூருக்கு ஏன் இவ்வளவு ரத்தம் தேவைப்படுது?

சி.எம்.சி. இருப்பதால். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது, இன்றைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் வரை ஆட்கள் வரும் இடம். காந்தி ரோட்டில் நடந்தால் தமிழைவிட வங்காளமும் இந்தியும் அதிகமாகக் காதில் விழும். உள்ளூர் நோயாளிக்கு ரத்தம் வேண்டுமென்றால் மாமன் மச்சான் வந்து வரிசையில் நிற்பான். இரண்டு நாள் ரயிலில் வந்தவனுக்கு யார் இருக்கிறார்கள்? கூட வந்தது வயதான அம்மா மட்டும். காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1இலிருந்து தடை செய்துவிட்டார்கள். ஆக, தானாக வந்து கொடுப்பவர்கள்தான் வழி.

விதிகள் எளிது. வயது 18 முதல் 65. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. வெறும் வயிற்றில் வராதீர்கள்.

பெரிய முகாம் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் ஊரையே கூட்டி ரத்தம் எடுப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும், சிவப்பணுக்கள் சுமார் ஆறு வாரம். ஒரே நாளில் எல்லாரும் கொடுத்தால், அடுத்த மூன்று மாதம் அவர்களில் ஒருவரையும் கூப்பிட முடியாது. நாங்கள் மெல்ல மெல்ல மாறினோம். கல்லூரி மாணவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: பெயர், பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி. அழைப்பு வந்தால் நாலு பேரை மட்டும் அனுப்புவார்கள். மே மாதம்தான் சோதனை. கல்லூரி லீவு, அக்னி வெயில், கொடுப்பவர் கிடையாது, நோயாளி மட்டும் குறைவதில்லை. அந்த மாதத்துக்கென்று எங்கள் வயசுக்காரர்களைப் பத்திரமாக மிச்சம் வைத்திருக்கிறோம்.

இதே மாணவர்களில் இந்தி தெரிந்தவர்கள் சனிக்கிழமைகளில் வெளியூர் நோயாளிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். எந்த வரிசை, எந்தக் கட்டடம், எந்த விடுதியில் சமைத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி. ரத்தம் கொடுப்பதைவிட இதற்குத்தான் நன்றி அதிகமாக வருகிறது.

கண் முகாம் இன்னும் நடக்குதா?

நடக்கிறது. கண்புரை பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து, வீட்டில் கொண்டுவிடுகிறோம். கஷ்டமான வேலை சொட்டு மருந்து போடச் சொல்வது. பிறகு ஒரு மாதம் வீட்டில் யாராவது போட வேண்டும். தனியாக இருக்கும் தாத்தாக்களுக்குப் பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்துவிடுகிறோம்.

கண் தானம் பற்றி ஒன்றுதான் மனப்பாடமாக இருக்க வேண்டும்: ஆறு மணி நேரத்துக்குள். இறந்தவரின் இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வையுங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை அறுவை செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். உறுதிமொழி அட்டை இல்லாவிட்டாலும் குடும்பம் சம்மதித்தால் போதும். அட்டை இருந்தும் குடும்பம் மறுத்தால் ஒன்றும் நடக்காது, ஆகவே உயிரோடு இருக்கும்போதே வீட்டில் சொல்லிவையுங்கள்.

மோர்ப் பந்தல்?

உண்டு. வேலூர் வெயிலுக்கு அது சேவை இல்லை, அடிப்படை நாகரிகம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

பாலாத்துக்கு உங்க சங்கம் என்ன செஞ்சது?

நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். கரையில் குப்பை அள்ளினோம், சீமைக் கருவேலம் வெட்டினோம், அது நம்மைவிட வேகமாக வளர்கிறது. ஆற்றுக்காக இந்த மாவட்டம் செய்த பெரிய காரியம் நீதிமன்றத்தில் நடந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது, சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். சால்வை போர்த்தும் விழாக்களில் அதை யாரும் நினைவுகூர்வதில்லை. அதே தோல் தொழிலில் நம் சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சோறு சாப்பிடுகிறார்கள் என்பதும் உண்மை. அதனால் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் தலைவர் சீக்கிரம் டீ கொண்டுவரச் சொல்வார்.

2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் வந்தபோது, வறண்ட மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் பாயும் போர்வையும் கொண்டுபோனோம். பெண்களுக்கு நாப்கின் வேண்டும் என்பது கேட்டபிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அப்போது நிர்வாகக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. அடுத்த வருடமே மாற்றினோம்.

இளைஞர்களுக்குன்னு தனியா என்ன?

பெரிய சங்கங்களுக்கு இளைஞர் பிரிவுகள் உண்டு: லயன்ஸுக்கு லியோ, ரோட்டரிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டராக்ட், அதற்கு மேல் ரோட்டராக்ட். கல்லூரியில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. இருக்கிறது. இவற்றுக்கு மேல் ஒரு சங்கம் தரக்கூடியது என்ன என்று யோசித்து, மூன்று காரியம் வைத்துக்கொண்டோம்.

ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் கிராமத்துப் பையன்கள் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடுவார்கள், லாரி வரும். அவர்களை மைதானத்துக்குக் கொண்டுவந்தோம். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நேரம் குறிப்பவர் எங்கள் சுபேதார். அக்னிவீர் திட்டத்தில் பணி நான்கு வருடம், அதன்பிறகு நிலைப்பது நான்கில் ஒரு பங்கு வரைதான் என்பதையும் அவரே உடைத்துச் சொல்லிவிடுவார். “ஓடுடா, ஆனா டிகிரிய விட்டுறாத” என்பார். எழுத்துத் தேர்வு முதலில் வருவதால் கணக்கும் பொது அறிவும் மாலையில்.

இரண்டாவது, 18 ஆனவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆறாம் எண் படிவம். மூன்றாவது, முதல் பட்டதாரிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம். எந்தச் சான்று எந்த ஆபீசில் என்று வீட்டில் சொல்ல ஆள் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

விளையாட்டில் வருபவர்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தைச் சொல்லுவார்கள். 2014இலும் 2018இலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியவர். அவர் அப்பாவும் ராணுவத்தில் இருந்த பளுதூக்கும் வீரர்.

என் பொண்ணை தைரியமா அனுப்பலாமா?

கேட்க வேண்டிய கேள்வி. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எங்கும் கூட்டிப்போக மாட்டோம். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். இரவில் தனிப்பட்ட மெசேஜ் கிடையாது, குழுவில் மட்டும். ஏதாவது தப்பாகப் பட்டால் எங்களிடம் சொல்லத் தேவையில்லை, நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த விதிகளை எழுதி வைக்காத சங்கத்துக்கு, அது எவ்வளவு பெரிய சங்கமானாலும், பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பணம் எங்கிருந்து வருது?

பெரும்பாலும் எங்கள் சட்டைப்பையிலிருந்து. சந்தாவில் கூட்டச் செலவு போகும், சேவைக்குத் தனி வங்கிக் கணக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ப் பதிவான சங்கமா, ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்கிறார்களா என்று கேளுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை உள்ள சங்கமானாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. ரசீது தராமல் “அப்புறம் தர்றோம்ணே” என்பவரிடம் பணமும் அப்புறமே கொடுங்கள்.

ஒரே போட்டோவா போடுறீங்களே?

ஒப்புக்கொள்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்பதும், நடுவில் பிள்ளை முகமே தெரியாமல் போவதும் எங்களிடமும் நடந்தது. அதில் ஒரு பையன் மறுநாள் பள்ளிக்கே வரவில்லை. கூடப் படிப்பவர்கள் கிண்டல் செய்தார்களாம். அன்றிலிருந்து வாங்குபவர் முகம் தெரியும் படம் எடுப்பதில்லை. சால்வை, மாலை, மெமன்டோ மூன்றையும் நிறுத்தப் பார்த்தோம். சால்வையை மட்டும்தான் நிறுத்த முடிந்தது.

தோத்துப்போன வேலை உண்டா?

மரம் நட்டது. முந்நூறு கன்று, பெரிய விழா, தலைக்கு ஒரு தொப்பி. மே மாதத்தில் போய்ப் பார்த்தபோது கம்பிக் கூண்டு மட்டும் நின்றது, அதில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். இப்போது இருபது கன்று, ஒவ்வொன்றுக்கும் எதிர்வீட்டுக்காரர் பெயர் எழுதிக்கொள்கிறோம்.

சேர என்ன தகுதி? எப்போ வரலாம்?

மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை உங்களுக்கு ஓய்வாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பணக்காரராக இருக்கத் தேவையில்லை. பேச வராதவர்கள் எங்களுக்கு மிகவும் தேவை. முதலில் மூன்று கூட்டத்துக்குச் சும்மா வந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

ஓய்வூதியச் சிக்கலுக்காக வருபவர்கள் காலை பத்து மணிக்குள் வந்தால் சுபேதார் இருப்பார். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையின் நகல், ஆதார், வங்கிப் புத்தகம், இறப்புச் சான்று எல்லாவற்றையும் அசலோடு கொண்டுவாருங்கள். ஓ.டி.பி. வரும் கைபேசியை மறக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் கிழியும்போல இருந்தாலும் லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன்மேல் யாரும் முத்திரை வைக்க முடியாது.